என் மகனின் எழுபது கோடி பற்றி தங்கை பெர்பெத்துவாவுக்கு

சான் ருஃபினோ, பங்கசினான்
ஜூன் 9

இத்தாலி தேசத்தில் த்ரியெஸ்தே பட்டணத்தில் வேலை பார்க்கும் என் அருமைத் தங்கை பெர்பெத்துவாவுக்கு, மூத்த அண்ணன் அனஸ்தாசியோ கயாப்யாப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் அண்ணி கரிதாத், மகன் ரொடெலியோ, மருமகள் ரொவேனா, பேத்திகள் இருவர், வாத்துகள் ஆறு, அனைவரும் சுகம். நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அந்த அம்மாள் இன்னமும் சூப்பைத் துப்புகிறார்களா?

இதை எழுதும்போது எங்கள் வீட்டு வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. இது ஒரு செய்தியா என்று நீ நினைக்கலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நான் உள்பனியனோடு வாசலுக்குப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கும்பிடவில்லை, யாரும் குழந்தையைத் தூக்கிக் காட்டவில்லை. அந்த நிம்மதியில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் போன் பேசினால் ஐந்து பேர் கேட்கிறார்கள். அதுவும் போக, முப்பத்தெட்டு வருடம் அஞ்சலகத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கியவன் நான். முக்கியமான விஷயம் உறைக்குள்தான் போக வேண்டும் என்பது என் கொள்கை.

மே மாதத் தொடக்கத்தில் வந்த உன் கடிதத்தில், "இணையத்தில் போட்டிருப்பது நிஜமா அண்ணா? நம்ம ரொடெலியோவிடம் அவ்வளவு சொத்து இருக்கிறதா? அவனையே நேராகக் கேட்டு எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்வதானால், இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர நான் பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் முடி வெட்டப் போயிருந்தேன். முடிதிருத்தும் பொன்சியானோவை உனக்கு நினைவிருக்கும், இடது காது கேட்காதவன். பாதி தலை வெட்டியிருக்கும்போது கத்திரியைக் கீழே வைத்துவிட்டு போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "தாசியோ, இது உன் மகன்தானே?" என்றான். பார்த்தால் நம் ரொடெலியோவின் படம். மேலே கொட்டை எழுத்தில் "ஓய்வு பெற்ற கூடைப்பந்து வீரர் ரொடெலியோ கயாப்யாப்: வாழ்க்கை, ஆட்டம், சொத்து மதிப்பு" என்று போட்டிருந்தது. உயரம் ஆறடி ஐந்தங்குலம், சரி. பிறந்த ஊர் சான் ருஃபினோ, சரி. பதினான்கு வருடம் தொழில்முறை ஆட்டம், சரி. மனைவி என்று ஒரு சினிமா நடிகையின் பெயரைப் போட்டிருந்தான், அது தப்பு. சொத்து மதிப்பு எழுபது கோடி பெசோ. கீழே நீச்சல் குளத்தோடு ஒரு மாளிகையின் படம். நான் நான்கு தடவை படித்தேன். உயரத்தை அங்குலம் பிசகாமல் போட்டவன் சொத்தில் மட்டும் ஏன் பிசகப் போகிறான் என்று என் புத்தி சொல்லிற்று. மனைவி விஷயம் அச்சுப்பிழையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் வெட்டிக்கொண்டேன், அதற்குள் பொன்சியானோ கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தான்.

உண்மையைச் சொல்கிறேன் பெர்பெ, எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. போன செப்டம்பரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு மணிலாவை விட்டு வந்து, "கொஞ்ச நாள் அமைதியா இருக்கணும்ப்பா" என்று மாடி அறையில் குடியேறியவன் அவன். ஒழுகுகிற கூரையைத் தானே ஏறித் தார் பூசி அடைத்தான். குளிர்பெட்டி இரவெல்லாம் உறுமுகிறது, புதிது வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, "இன்னும் ஓடுதேப்பா" என்றான். தினமும் விடியற்காலை பஸ்ஸில், "வியாபார விஷயமா டகூபான் போறேன்" என்று கிளம்பிப் போவான். நானும் பணக்காரனின் எளிமை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தேன். இப்போது எழுபது கோடி என்று தெரிந்ததும் அது எளிமை இல்லை, கஞ்சத்தனம் என்று எனக்குப் பட்டது. பெற்ற அப்பனிடம் மறைக்கிறானே என்று நெஞ்சு எரிந்தது. உன் அண்ணி மட்டும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவனுக்குத் தண்ணின்னாலே பயம். நீச்சல் குளம் எதுக்குக் கட்டப்போறான்?" என்றாள். பெண்களுக்கு முதலீடு பற்றி என்ன தெரியும் என்று நான் காதில் வாங்கவில்லை.

நீ கேட்டபடி அவனை நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். ஊர் அப்படி இருக்கவில்லை. முதலில் வந்தவர்கள் ஞானப்பிள்ளைகள். அவன் பேர்பெற்று ஆடிய நாளில் இந்த ஜில்லாவில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளில் பாதிக்கு அவன்தானே ஞானத்தந்தை. எத்தனை என்று அவனுக்கே தெரியாது. வாசலில் வரிசையாக நின்று ஒவ்வொன்றும் ஆசி வாங்க அவன் புறங்கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும். தாய்மார்கள் பின்னால் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்து காப்பீடு விற்கிறவர் வந்தார். சலவைக்கல் கல்லறை விற்கிறவர் வந்து, "இப்பவே பதிஞ்சா குடும்பத்துக்கே ஒரே இடமா அமையும் பெரியவரே" என்று என்னை மேலும் கீழும் அளந்தார். பேட்டைத் தலைவர், "கோடீஸ்வரன் வீடு, ஆளைக் கடத்திட்டுப் போயிட்டா என் பேர்ல பழி வரும்" என்று இரண்டு காவலர்களை வாசலில் போட்டார். இருவரும் நல்லவர்கள். வேளைக்கு ஆளுக்கு நான்கு தட்டு சோறு. உன் அண்ணி அரிசிப் பானையை அறையில் வைத்துப் பூட்டினாள்.

அப்புறம் வந்தார் திரு. விலியமோர். மேயரை எதிர்த்து நிற்கப் போகிறவர். நம் நாட்டில் பந்தைக் கூடையில் போட்டவனுக்கு ஓட்டுப் பெட்டி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியாதா. "தம்பி துணை மேயருக்கு நின்னா போதும். பேச வேணாம், கும்பிட வேணாம். சும்மா நின்னா போதும், அந்த உயரத்துக்கே ஓட்டு விழும்" என்றார். செலவு மட்டும் ரொடெலியோவுடையதாம். நட்புக்கு அடையாளமாகக் கன்றுக்குட்டி அளவு ஒரு நாயைக் கட்டிவிட்டுப் போனார். அந்த நாய் என்னையும் காவலர்களையும் பார்த்துப் பல்லைக் காட்டும். ரொடெலியோ வேலை முடிந்து வந்தால் மட்டும் மோந்து மோந்து அவன் காலைச் சுற்றி உருண்டு புரளும். தெருப் பூனைகளும் அப்படித்தான், பஸ் நிறுத்தத்திலிருந்தே அவன் பின்னால் ஊர்வலமாக வரும். வாயில்லா ஜீவன்களுக்குக்கூடச் செல்வம் இருக்கும் இடம் தெரிகிறது என்று நான் பொன்சியானோவிடம் சொன்னேன்.

இத்தனைக்கும் ரொடெலியோ என்ன செய்தான் என்று கேள். ஒன்றும் செய்யவில்லை. "அந்தப் பக்கத்துல போட்டது நிஜம் இல்லீங்க" என்று வந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னான். அப்படிச் சொல்வதே எழுபது கோடிக்குச் சாட்சி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இல்லாதவன் எவன் இல்லை என்று சொல்கிறான், இருக்கிறவன்தானே சொல்வான்.

இங்கே அவன் ஆட்டத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ வெளிநாட்டிலிருந்தே கைதட்டியவள், அருகிலிருந்து பார்த்ததில்லை. நம் ஊர் அணிகளுக்குக் கம்பெனிச் சரக்கின் பெயர்தானே. இவன் மத்திமீன் டப்பாவாக ஐந்து வருடம், பெயிண்டாக ஆறு வருடம், இருமல் மருந்தாக மூன்று வருடம் ஆடினான். அவனை எடுத்தது புள்ளி போடுவதற்கு இல்லை. எதிரணி அமெரிக்காவிலிருந்து ஒரு மலையைக் கூலிக்குத் தருவிக்கும். அந்த மலை கூடைப் பக்கம் வரும்போது குறுக்கே போய் நிற்பது இவன் வேலை. முழங்கை இவன் முகத்தில் விழும், விசில் ஊதும், மலைக்குக் கோபம் வரும், கோபம் வந்த மலை தப்பாக எறியும். அதுதான் திட்டம். மூன்று தடவை மூக்கு உடைந்தது, இரண்டு முட்டியிலும் கத்தி வைத்தார்கள். உட்கார்ந்திருந்த நேரம் போக, ஆடிய நேரமெல்லாம் அடி வாங்கிய நேரம். நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்துவேன். ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுவான். அப்படி அடிபட்டுச் சம்பாதித்த பணத்தில்தான் இந்த இரண்டு மாடி வீடு எழும்பியது. அது தெரிந்தும் அவனைக் கஞ்சன் என்று நினைத்தேனே, அந்த வெட்கத்தை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்.

ஆனால் வெட்கம் பிறகு வந்தது. அதற்கு முன் நான் பெரிய காரியம் ஒன்று செய்துவிட்டேன். மே மாத நடுவில் திருவிழாக் கூட்டம் கூடைப்பந்து மைதானத்தில் நடந்தது. இந்த வருட உபயகாரராக ரொடெலியோவை நியமிக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டார். அவன் கூட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அப்பன் என்ற முறையில் நான் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினேன். சம்மதம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன் பெர்பெ, என் மேல் ஆணை. ஆனால் கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்ததும் வாத்திய கோஷ்டி என்றேன். இன்னும் தட்டினார்கள். சுட்ட பன்றி பன்னிரண்டு என்றேன். விசில் அடித்தார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது. மேலே பார்த்தேன், வெட்டவெளி. "இந்த மைதானத்துக்கு என் மகன் கூரை போட்டுத் தருவான்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் எழுந்து நின்றது. அந்தத் தலைகளுக்கு மேலே ஒரு தலை அசையாமல் இருந்தது. டகூபான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என்னை முறைக்கவில்லை. அந்த மலைகள் இடிக்க வரும்போது நிற்பானே, அப்படி நின்றான். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ரொவேனாதான் சோறு போடும்போது, "மாமா, ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்" என்றாள். நான் அன்றைக்கு வாத்து முட்டையைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து உன் அண்ணி சொன்னாள்: "பன்றி எத்தனையோ வரட்டும். விருந்துக்குப் பால்கெண்டை இருநூறு வேணும். இந்த ஊர்க்காரங்களை முள்ளோட மீன் தின்னச் சொன்னா நம்மளைத் தின்னுடுவாங்க. டகூபான் போய் முள்ளெடுத்த மீனா சொல்லிட்டு வாங்க." சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது, கொன்சிங் என்ற அம்மாள் நடத்துகிறாள், அங்கே சுத்தமாக எடுப்பார்கள் என்று மீன் கடையில் சொன்னார்கள். போனேன். தகரக் கொட்டகை, நீள மேசை, பனிக்கட்டித் தண்ணீர் காலில் ஓடுகிறது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு முள்வாங்கியால் மீனின் முதுகிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொன்சிங் குள்ளமான அம்மாள், இடுப்பில் ரப்பர் ஏப்ரன்.

"என்ன பெரியவரே, முள்ளோடயா, முள்ளெடுத்ததா?" என்றாள்.

"முள்ளெடுத்தது. இருநூறு. திருவிழாவுக்கு. பெரிய இடத்து விருந்து" என்றேன்.

"பெரிய இடம்னா நம்ம நெட்டைகிட்டதான் குடுக்கணும். ஒரு மீனுக்கு இருநூறு முள்ளுக்கு மேல. அவன் கை பட்டா ஒண்ணு தங்காது. இவளுங்க ஒரு மீன் முடிக்கிறதுக்குள்ள அவன் ரெண்டு முடிச்சுடுவான். ஏ நெட்டை, இங்க பாரு."

மேசைக் கோடியில் ஒரு குட்டி முக்காலியில், முழங்கால் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருக்க, தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பந்தை ஒரே கையால் கவ்விப் பிடிக்கிற அந்தக் கையில் முள்வாங்கி ஒரு மயிர் மாதிரி இருந்தது. நிமிர்ந்தான். நான் பார்த்தேன். அவன் பார்த்தான். கையிலிருந்த மீனை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்பா" என்றான்.

பெண்கள் எல்லாரும் முள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கொன்சிங் மட்டும், "வேலையப் பாருங்கடி, இது என்ன சினிமாவா" என்று சொல்லிவிட்டு, "நெட்டை, போயி கை கழுவிட்டு அப்பாவோட பேசிட்டு வா. மீனு எங்கயும் ஓடாது" என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் பனிக்கட்டிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். குளிர் கால்சட்டை வழியாக ஏறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவன் எலுமிச்சையைப் பிழிந்து விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பூனைகள் ஏன் பின்னால் வருகின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஜனவரியிலேர்ந்து."

"எழுபது கோடி?"

"அது எவனோ போட்டது. எங்கேர்ந்து எடுத்தான்னு எனக்கே தெரியாது. நானும் படிச்சேன்ப்பா. ரெண்டு நாள் திரும்பத் திரும்பப் படிச்சேன். பொய்தான்னு தெரியும், ஆனா படிக்க நல்லா இருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சம்பாதித்தது வீடாகப் போனது கொஞ்சம், முட்டியாகப் போனது கொஞ்சம், அணித் தோழர்களோடு சேர்ந்து மணிலாவில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்து, வந்த தோழர்கள் எல்லாரும் இலவசமாகச் சாப்பிட்டதில் போனது கொஞ்சம். மிச்சம் இருந்ததையெல்லாம் போட்டு மேற்குக் கரையில் ஒரு கூட்டாளியோடு கடலில் கூண்டு வலை கட்டிப் பால்கெண்டை வளர்த்திருக்கிறான். ஓய்வு பெற்று ஊருக்கு வரும்போது அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாம். போன வருடம் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரில் மூச்சுக்குக் காற்றில்லாமல் ஒரே நாளில் அத்தனை மீனும் வயிறு மேலாக மிதந்தது. உனக்குக்கூட எழுதியிருந்தேனே, நாற்றம் நம் ஊர் வரைக்கும் வந்தது என்று. அன்றைக்கு விடுமுறையில் வந்திருந்தவன் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்த மடையனோட மீனோ, இப்படி நாறுது" என்றேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. வயிறு சரியில்லை போல என்று அன்றைக்கு நினைத்தேன்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

எலுமிச்சைத் தோலைத் தூர எறிந்தான். "முதல் தடவை மூக்கு ஒடைஞ்சப்ப உங்களுக்கு போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வர்றதுக்குள்ள ஊர்லேர்ந்து முப்பது பேர் விசாரிச்சுட்டாங்க. முட்டி ஆபரேஷன் நான் ரொவேனாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி பொன்சியானோ மாமாவுக்குத் தெரியும். ஜெயிச்சதை நீங்க ஊருக்குச் சொன்னா நல்லா இருந்துச்சுப்பா. தோத்ததையும் சொல்லிடுவீங்களேன்னு இருந்துச்சு."

முப்பத்தெட்டு வருடம் ஊரார் கடிதத்தை உறை பிரிக்காமல் சுமந்தவன் பெற்ற மகனின் விஷயத்தை மட்டும் ஒரு நாள் பொத்தி வைத்ததில்லை. அதை அவனிடம் சொன்னேன். "உன்னைக் கஞ்சன்னு நெனச்சேன்டா. ஆறு வாரமா உன் மேல கோவமா இருந்தேன்" என்றும் சொன்னேன். அவன் என்னை வியப்பாகப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதில் பெட்டி ஆடியது. "அதானா? நான் தோத்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் மூஞ்சி கொடுக்க மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றான். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு நான் அவன் பணக்காரன் என்று முகத்தைத் திருப்பியிருக்கிறேன், அவன் நான் எல்லாம் தெரிந்துதான் திருப்புகிறேன் என்று நினைத்திருக்கிறான். இரண்டு பேரும் பனிக்கட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதற்கு அந்த நீர் வந்தது என்று நான் ஆராயவில்லை.

"கூரைக்கு என்னடா பண்றது?" என்றேன்.

"நீங்க சொன்ன இடத்துலயே நான் சொல்லிடுறேன்" என்றான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஞாயிறு பூசை முடிந்து மைதானத்தில் ஊர் கூடியது. ரொடெலியோ ஒலிபெருக்கியை வாங்கினான். "எங்கப்பா சொன்ன கூரை வராது. பன்னிரண்டு பன்றியும் வராது. இணையத்துல போட்ட பணம் என்கிட்ட இல்ல. இருந்த பணமும் போன வருஷம் கடல்ல செத்துப் போச்சு. நான் டகூபான்ல மீனுக்கு முள்ளெடுக்கிற வேலை பாக்குறேன். நல்லாவே எடுப்பேன். விருந்துக்கு எத்தனை மீன் வேணும்னாலும் கூலி வாங்காம எடுத்துத் தரேன்" என்று சொல்லி நிறுத்தினான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நெஞ்சு வரைக்கும்தான் வருவேன். "கூரை சொன்னது நான். இவன் சொல்லல. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றேன். என் வாழ்நாளில் ஒலிபெருக்கியில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

அப்புறம் ஒரு ஞானப்பிள்ளையின் தாய் எழுந்து, "அப்ப அந்த நீச்சல் குளம்?" என்று கேட்டாள்.

"அது யாரோடதோ அக்கா. எனக்கு நீச்சலே தெரியாது."

யாரோ ஒருவர் சிரித்தார். அது பரவியது. ஏளனச் சிரிப்பு என்று முதலில் எனக்கு முதுகு கூசியது. இல்லை பெர்பெ, அது வேறு சிரிப்பு. பொன்சியானோ எழுந்து வந்து ரொடெலியோவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாடா. உன்கிட்ட கைமாத்து கேக்கலையான்னு எம்பொண்டாட்டி ஒரு மாசமா என்னைத் தூங்க விடல. நான் எப்படிடா கேப்பேன், தொட்டில்ல கெடந்தப்பவே உன் தலையைச் செரச்சவன் நான். இனிமே கேக்க வேணாம்" என்றான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப்பேர் வெட்கத்தை அடக்கிக்கொண்டுதான் எங்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். அடுத்தவன் போகிறானே, நாம் போகாவிட்டால் நஷ்டம் என்று வந்திருக்கிறார்கள். சாமியார் சாயந்தரத்துக்குள் பனிக்கட்டிக் கம்பெனி முதலாளியை உபயகாரராகப் பிடித்துவிட்டார். பேட்டைத் தலைவர் காவலர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். உன் அண்ணி அவர்களுக்குக் கடைசியாக ஒரு தட்டு சோறு போட்டு வாழ்த்தி அனுப்பினாள். கல்லறைக்காரர் மட்டும், "பெரியவரே, சிமெண்ட்டுலயும் இருக்கு" என்றார். திரு. விலியமோரின் ஆட்கள் மறுநாள் நாயைக் கேட்டு வந்தார்கள். அது ரொடெலியோவின் காலைவிட்டு நகர மறுத்து நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு, தேர்தல் சமயத்தில் நாயை இழுத்தான் என்று பேர் வரும் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

திருவிழா நன்றாக நடந்தது. இரண்டு பன்றிதான், ஆனால் மீன் தட்டுப்பாடில்லாமல் இருந்தது. பொரித்தது, புளிக்குழம்பு, வயிற்றில் மசாலா திணித்தது, எல்லாமே முள்ளில்லாதது. கொன்சிங் கொட்டகையின் பெண்கள் எல்லாரும் வந்து நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து முள்ளெடுத்தார்கள். வந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாயந்தரம் பேட்டைக்குப் பேட்டை ஆட்டம். ரொடெலியோதான் நடுவர். பாதியில் மழை கொட்டியது. மேலே கூரை இல்லை. ஒருவரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்துகொண்டே ஆடினார்கள், நனைந்துகொண்டே பார்த்தோம். அப்படி நனைந்தும் எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் அண்ணன் மகனிடம் கோடி இல்லை. இரண்டு பழுதான முட்டியும் ஒரு வேலையும் ஒரு நாயும் இருக்கின்றன. அத்தை இனிமேல் வேலை செய்யவே வேண்டாம், ஊருக்கு வந்து சாய்ந்து உட்காரலாம் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து நீ கணக்குப் போட்டிருந்தால், உன்னை ஏமாற்றியதற்கு இந்தக் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தச் செய்தியை நீயும் பக்குவமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறோம். நான் இனிமேல் குடும்ப விஷயத்தில் வாய் திறப்பதில்லை என்று மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன்.

கடல் தாண்டி இருந்தாலும் என் புறங்கையை உன் நெற்றியில் வைத்ததாக நினைத்துக்கொள். ஆண்டவர் உன்னையும் உன் உழைக்கிற கைகளையும் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அந்தப் பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் மூத்த அண்ணன்,
அனஸ்தாசியோ கயாப்யாப்
(அஞ்சலக உதவியாளர், ஓய்வு)

பின்குறிப்பு: உன் தெருப் பெயரில் எத்தனை "ஸ்" என்று சரிபார்க்க இந்தக் கடிதத்தை ரொடெலியோவிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்துவிட்டு, "அப்பா, அத்தைக்கு இதெல்லாம் தெரியும்" என்றான். மீன் செத்த அன்றைக்கே உனக்குத்தான் முதலில் போன் செய்து அழுதானாமே. கொன்சிங் உன்னோடு கன்னியர் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவளாம், வேலை வாங்கிக் கொடுத்ததே நீதானாம். பேத்திகள் பள்ளிக்கூடத்துக்கு மாதாமாதம் நீ அனுப்புவதும் இப்போதுதான் தெரிகிறது. "அப்ப எதுக்குடா சொத்து இருக்கான்னு என்கிட்ட எழுதிக் கேட்டா?" என்றேன். "நீங்க என்கிட்ட கேக்கட்டும்னுதான். நானா ஆரம்பிக்க முடியலைன்னு அத்தைகிட்ட சொன்னேன்" என்றான். ஆக இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து கடைசியாகத் தெரிந்தவன் நான்தான். எனக்கு வருத்தமில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டேன். நீ அறியாத செய்தி இந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை, கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய தபால்தலையை வீணாக்குவது என் தொழிலுக்குத் துரோகம். அதனால் அனுப்புகிறேன். படித்த மாதிரி ஒரு பதில் போடு.